பொரி ஏற்றிய வண்டி

பொரிக்கு எடை கிடையாது.
செவ்வாய்ப்பேட்டையில் நாற்பத்திரண்டு மூட்டை ஏற்றியும்
குட்டி யானையின் முதுகு
ஓர் அங்குலம் தாழவில்லை.
நாளைக்குத் தீபம்.
விடிவதற்குள் ஏற்காட்டுக் கடைகளுக்குப்
போய்ச் சேர வேண்டும்.

கோரிமேட்டில் முபாரக் டயரைத் தட்டிப் பார்த்தான்.
"பின்னாடி ரெண்டும் உன் தலை மாதிரி இருக்கு."
குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
மாசக் கடைசி என்றேன்.
காற்றைக் கொஞ்சம் இறக்கினான்,
கண்ணாடியில் புகையிலை தேய்த்துவிட்டான்.
"மணல் மூட்டை ரெண்டு போட்டுக்க.
வெத்து வண்டிதான் வழுக்கும்."
வெத்தா?
தார்ப்பாய் முட்டச் சரக்கு என்று சிரித்தேன்.

ஏழாவது வளைவில் பனி
வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.
வைப்பருக்கு வழிக்கத் தெரியாத ஈரம்.
முந்தாநாள் மழையில் ஊறிய சில்வர் ஓக் இலைகள்
மீன் செதிலாய் ரோட்டில் ஒட்டிக் கிடந்தன.
இரண்டாம் கியர். மாற்றாதே.
பிரேக்கை மறந்துவிடு.
ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதே.
எல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்த ஆள்தான்
பதினாலாவது வளைவில் மாட்டி நின்றேன்.

மேட்டுச் செம்மண் கரைந்து குறுக்கே இறங்கியிருந்தது.
சக்கரம் போகிறது, வண்டி போகவில்லை.
சுற்றச் சுற்ற மண் மெழுகாகியது.
இன்னும் மிதித்தேன்:
தூக்கத்தில் புரள்வதுபோல்
பின்பக்கம் பள்ளத்தின் பக்கம் புரண்டது.

கல்லை அண்டக் கொடுத்து இறங்கினேன்.
சணல் சாக்கு வைத்தேன், துப்பியது.
கால்மிதியை வைத்தேன், அதையும்.
சரளை தேடினால்
கைக்கு வந்ததெல்லாம் சேறு.

பனிக்குள்ளிருந்து முதலில் பேச்சு வந்தது,
பிறகு ஒரு டார்ச்,
பிறகு ஒன்பது பெண்கள்.
தலையில் உரச்சாக்குக் கொங்காடை,
இடுப்பில் காபிப் பழக் கூடை.
"தள்ளணுமாண்ணே?" என்றாள் ரோசாலி.
தள்ளினா நீங்க வழுக்குவீங்க,
ஏறுங்க.

பின்கதவில் கால் தொங்க ஐந்து பேர்,
மூட்டை இடுக்கில் நாலு பேர்.
"நான் வெயிட்டா இருப்பேன், முன்னாடியே சொல்லிட்டேன்"
இது பூங்காவனம்.
பட்டைகள் கிறீச்சிட்டு இறங்கின.
அந்த ராத்திரியில்
அவ்வளவு நல்ல சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கிளட்சை மயிரிழையாய் விட்டேன்.
சக்கரம் சேற்றைத் துழாவி
ரோட்டைக் கண்டுபிடித்தது.

பதினெட்டு தாண்டியதும் போலீஸ்.
"சரக்கு வண்டியில ஆளா?"
ஆள் இல்ல சார், பாரம்.
ரசீதுப் புத்தகம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.
பொறுமையாகப் பிரித்து, ஊதி, எழுதினார்.
பின்னால் யாரும் பேசவில்லை.
ஒரு மூட்டை அவிழ்ந்திருந்தது,
ஒன்பது வாயும் நிறைந்திருந்தன.

எஸ்டேட் பாதையில் டார்ச் மறைந்ததும்
வண்டி மறுபடி லேசானது.
நூறு அடி போவதற்குள்
பின்பக்கம் மெல்ல ஆடிக் காட்டியது.

பொரியை இறக்கிவிட்டேன். இனி காலி வண்டி, இறக்கம்.
கடைசிக் கடையின் பின்புறம்
விளிம்பு உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது.
விலை கேட்டேன்.
"இதுல ஆட்ட முடியாதே, எதுக்கு?"

கூட வர.