முப்பதாவது கிலோமீட்டர்

நேற்றிரவு மழை இந்தக் கோட்டோடு நின்றுவிட்டது.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்:
முன்சக்கரம் வெளிறிய மணலில்,
பின்சக்கரம் இன்னும் பழுப்பில்.
நைஜர் தேசத்தின் எந்த வரைபடத்திலும் இல்லாத எல்லை,
ஒரு மேகம் யாரையும் கேட்காமல் கிழித்தது.

கோட்டுக்குப் பின்னால் தாஸி கொய்ரா.
காலை பதினொரு மணிக்கு
ஹமானியின் கம்பங்கொல்லையில்
வெப்பமானியை மண்ணை நோக்கி நீட்டினேன்.
முப்பத்து நான்கு.
மண்ணில் செருகிய இரட்டைக் கம்பி
நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் என்றது.
"காய்ச்சல் இல்லையே?" என்றார் ஹமானி,
குழி வெட்டும் கையை நிறுத்தாமல்.

கோட்டுக்கு முன்னால் தொந்தி பந்தா.
ஒரு மணி நேரம் கழித்து, அதே வெயிலில்,
ஹம்ஸத்துவின் நிலம் ஐம்பத்தேழு.
ஈரம் ஒன்று.
அந்த ஒன்றும் கருவியின் பிழையாக இருக்கலாம்.
விதை நிறைந்த சுரைக்குடுவை
மூன்று வாரமாக வாசலோரம் உட்கார்ந்திருக்கிறது,
பஸ் வராத நிறுத்தத்தில் பயணியைப் போல.

வெயில் இரண்டு ஊருக்கும் ஒரே கூலிதான் அளக்கிறது.
ஈரமண் வாங்கிய கையோடு செலவழித்துவிடும்.
கிளம்பும் ஒவ்வொரு துளிக்கும்
கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தே
கை காலியாகிவிடும்;
உடம்பு குளிர்ந்திருக்கும்.
வறண்ட மண்ணிலிருந்து கிளம்ப யாருமில்லை.
வாங்கியதை எல்லாம் மடியில் முடிந்துகொண்டு
மடி கனன்று
அருகில் வருகிறவர்களையும் சுடும்.

இதை ஹம்ஸத்துவுக்குச் சொல்ல முயன்றேன்.
நான் ஸிந்தர்க்காரி, ஹௌஸா பேசுகிறவள்;
என் ஸர்மா மொழியில்
'ஆவி'யும் 'கடனு'ம் எப்படியோ இடம் மாறிவிட்டன.
அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்:
"உன் கருவி வரப்போவதைச் சொல்லுமா?"
"போனதை மட்டும்."
"அதற்கு என் கண்ணே போதும்."

குடிக்கத் தண்ணீர் மொண்டு தந்தாள்.
பானையின் வெளிப்புறம் வியர்த்திருந்தது.
அன்று அந்த ஊரில் நான் தொட்டவற்றில்
குளிர்ந்தது அது ஒன்றுதான்.
கருவியை எடுக்கவில்லை;
உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் ஹமானியின் நிலம் நாற்பத்தாறு.
மேல்தோல் காய்ந்துவிட்டது.
இரண்டு விரல் ஆழத்தில் ஈரம் இருந்தது,
மேலே ஏறும் வழி அடைபட்ட ஈரம்.
கம்பின் வேர் போய்க் கூப்பிட்டால்தான் இனி வரும்.

மாலை நான்கு மணி, கோட்டின் மேல் நான்.
தொந்தி பந்தாவின் கொதிமணலில் நிற்க மாட்டாமல்
காற்று எழுந்தது.
எழுந்த இடத்தை நிரப்ப
தாஸி கொய்ராப் பக்கமிருந்து இன்னொரு காற்று,
சற்றே ஈரமாய், தாழ்வாய்,
என் கணுக்காலை உரசிக்கொண்டு போயிற்று.
வானத்தில் ஒரு வெள்ளைக் கொத்து
மேலே மேலே பொங்கியது.

எப்போதும் இப்படி நடப்பதில்லை.
என் குறிப்பேட்டில் இப்படிப் பொங்கிய மேகங்களில்
பாதிக்கு எதிரே 'கலைந்தது' என்றிருக்கும்.

இது கலையவில்லை.
முதலில் செம்புழுதிச் சுவர் வந்தது.
ஆடுகள் பின்புறம் காட்டித் திரும்பி நின்றன.
ஒரு தகரக்கூரை பறந்து புளியமரத்தில் மாட்டிக்கொண்டது.
பிறகுதான் மழை,
கல்லெறிவது போல.

விடிந்ததும் அளந்தேன். இருபத்தேழு.
ஹம்ஸத்து கேட்கவில்லை.
குடுவை இடுப்பில்;
குழிக்கு ஒரு சிட்டிகை விதை,
குதிகாலால் ஒரு தள்ளு.

ஹமானி போனில் கூப்பிட்டார்.
"என் கொல்லையிலிருந்து போன தண்ணீர்
அங்கே இறங்கியிருக்கிறதாமே.
வியாழனுக்குள் திருப்பித் தரச் சொல்."
அதில் உங்கள் பங்கு ஒரு குடம்கூடத் தேறாது,
பெரும்பங்கு தெற்கே கடலிலிருந்து வந்தது என்றேன்.
"அந்த ஒரு குடத்தைத்தான் கேட்கிறேன்."

ஹம்ஸத்துவிடம் சொன்னேன்.
அடுத்த குழிக்கு நகர்ந்தபடி,
"முளைக்கட்டும்.
வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்" என்றாள்.