பை இல்லாத நூற்றாண்டு

பச்சை வேண்டாம் என்றேன்.
காக்கி வேண்டாம்.
வரி போட்டது வேண்டவே வேண்டாம்.
கறுப்பு, நாவலடி வெயிலில் ஆளைக் கொல்லும்.
காத்தான்குடியில் அகமதுலெவ்வையின் கடையில்
அரைநாள் நின்று கழித்துக் கழித்து
மிஞ்சியது கத்தரிப்பூ நிறம்.
"பதினாறு யார் கிடக்கு, தங்கச்சி.
ஒருத்தரும் வாங்கல்ல."
இருபத்தைந்தாம் நூற்றாண்டின் படைக்கு
அப்படித்தான் நிறம் கிடைத்தது.

ஜெயரட்ணம் கலியாண வீடியோக்காரர்.
விண்கலத்தின் கதவு அவரிடம் முன்பே இருந்தது:
மணமக்கள் முகம் வந்து போகும் இதய வடிவச் சட்டம்.
சின்ன வயதில் பார்த்த வெளிநாட்டுத் தொடர்கள்
அவர் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.
"உடம்போட ஒட்டவேணும், அக்கா.
சுருக்கம் தெரியப்படாது. பொத்தான் வேணாம்.
மறுகா, பையும் வேணாம்."
பையுமா?
"அந்தக் காலத்தில காசில்ல, திறப்பில்ல.
ஆரு எதை வைக்கிற?"

பெனியன் துணி எங்கே இழுத்தாலும் வரும்,
விட்ட இடத்துக்குத் திரும்பாது.
முதல்நாள் கப்டன் கோணேசமூர்த்தி குனிந்து
புதிய கோளின் மண்ணை அள்ளியபோது
பின்தையல் பிரிந்த சத்தம்
ஒலிவாங்கியில் தெளிவாக விழுந்தது.
கமக்கட்டு வியர்வை தனிக் கண்டமாய்ப் பரந்தது.
டெரிக்தான் பூதம்,
ஆட்டோ சீற்று ரெக்சினில் தைத்த பூதம்.
முதுகில் சிப் என்பதால் திரும்பக்கூடாது;
கடைசிவரை பின்பக்கமாகவே நடந்து
தாழம்பற்றைக்குள் விழுந்தான்.
கிணற்றடியில் அலசிக் காயப்போட்டேன்.
நாலு விரற்கடை சுருங்கி
கப்டனின் கணுக்கால் வெளியே வந்தது.
இந்தக் கோளில் ஈர்ப்பு குறைவு,
ஆட்கள் நீளுவார்கள் என்று
அன்றிரவே ஒரு வசனம் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் போனபின்
உடுப்பு மாற்றப் பஞ்சிப்பட்டு
மேலே சாரனைச் சுற்றிக்கொண்டு
சைக்கிளில் போனார் கோணேசமூர்த்தி.
கல்லடிப் பாலத்தில் மறித்தார்கள்.
அடையாள அட்டை?
நெஞ்சைத் தடவினார், இடுப்பைத் தடவினார்.
அட்டை என் வீட்டுச் சுவரில், ஆணியில்,
அவருடைய சட்டைப்பைக்குள்.
சாரனை அவிழ்க்கச் சொன்னார்கள்.
டோர்ச் வெளிச்சத்தில்
கத்தரிப்பூ நிறம் பளபளத்தது.
என் வயதுச் சிப்பாய் ஒருவன்
துணியை இரு விரலால் இழுத்து விட்டுப் பார்த்து
உடைந்த தமிழில் கேட்டானாம்:
"இது எந்த ஆமி?"

நான் அட்டையோடு ஓடிப்போனபோது
மணல்மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.
கணுக்காலை நுளம்பு மொய்த்திருந்தது.
வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை.
வாவியில் மீனுக்குப் போன தோணிகளின் விளக்கை
எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றிரவு இடது நெஞ்சைப் பிரித்தேன்.
அட்டையின் அளவுக்கு, உட்பக்கமாக,
ஒரு பை.

படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள்
அந்தச் சதுரப் புடைப்பு என்ன கருவி என்றார்கள்.
"மூச்சு விடுறதுக்கு" என்றார் ஜெயரட்ணம்.

டெரிக்குக்கும் ஒன்று வைத்தேன்,
வாலுக்குக் கொஞ்சம் மேலே.