பதினேழாம் பெட்டி

சஜாவில் கிடங்கு. வெளியே நாற்பத்தாறு டிகிரி,
உள்ளே இருபத்தொன்று. அதுவும் பீங்கானுக்காக.
வந்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது,
ஒருநாள் முழுக்க அது மூச்சுவிட வேண்டும் என்றாள் ரொவேனா.
நான் வந்திறங்கிய அன்று சாயங்காலமே
அல் நஹ்தாவில் ஒரு குளியலறைக்கு ஓடு ஒட்டினேன்.

போர்சிலின் என்றுதான் அதற்கும் பெயர்.
அறுபதுக்கு அறுபது, அட்டைக்கு நான்கு.
பதினோரு வருடம் அறுத்தேன், ஒட்டினேன்,
இடுக்கில் சாந்தை அப்பி விரலாலேயே வழித்தேன்.
சுண்டினால் போதும்,
எது உள்ளுக்குள் கீறியிருக்கிறதென்று சொல்லிவிடுவேன்.
இந்த வேலை கிடைத்தது அந்தக் காதால்.

பெட்டிக்குள் பெட்டி. கனமே இல்லாத மரம்,
ஆணி கிடையாது. குறுக்கே நெய்த நாடா.
முடிச்சை அவிழ்க்கும் முன் படமெடு,
இதே மாதிரி திரும்பக் கட்டணும்.

பெரிய கிண்ணம். வெளியெல்லாம் நீலம்.
உள்ளே முடியளவு மெல்லிய சிவப்புக் கோடுகள்,
கொக்கு இருக்கும், மூங்கில் இருக்கும் என்று குனிந்தேன்.
ஏசி.
ஏதோ குடியிருப்பின் பின்சுவர், மாடி மாடியாக
வெளிப்பெட்டிகள், விசிறிக் கம்பிகள், சொட்டுக்குழாய்,
மூன்றாம் மாடியில் ஒரு புறா.
எங்கள் ரோலா பின்சந்தை
அரிடாவில் உட்கார்ந்து யார் பார்த்தது?

மூன்றாம் நாள் அவளே வந்தாள், ஹரூனோ,
தூக்கம் போதாத கண், கழுத்தில் தலையணை.
போனில் அவள் பேச, போன் எனக்குத் தமிழில் சொன்னது.
பூசும்போது நீலம் நீலமாக இருக்காதாம், அடுப்புச் சாம்பல் நிறம்.
நுங்குபோல் உப்பிய தூரிகை, அதைப் பிழிந்து பிழிந்து
கோட்டைத் தாண்டாமல் நீரை நடத்த வேண்டும்.
பிறகு கண்ணாடிக் கஞ்சியில் முக்கு (போனின் தமிழ் அது),
வரைந்ததெல்லாம் வெள்ளைக்குள் போய்விடும்.
ஆயிரத்து முந்நூறு டிகிரி எரிந்து, ஆறி,
அப்புறம்தான் என்ன வரைந்தோமென்று அவளுக்கே தெரியும்.
சிவப்பு அதற்கும் மேல், குறைந்த சூட்டில், தனியாக.
பழைய முறையா?
முறைக்கு நானூறு வருடம். புறா போன மார்ச்.

என் வேலை அறிக்கை.
தாளில் கிண்ணத்தின் படம் அச்சடித்திருக்கும்,
விரிசல், சிதறல், கறை, இழப்பு,
நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.
அடிவளையத்தை ஒட்டி மெருகில்லாத இடம் மூன்று,
துவரம்பருப்பு அளவு.
இழப்பு, மூன்று என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பிடித்தாள்,
இந்தப் பக்கம் கட்டைவிரல், அந்தப் பக்கம் இரண்டு.
முக்கும்போது பிடித்த பிடி.
தூரிகையால் தொட்டு மூடிவிடலாம், இவள் மூடுவதில்லை.
கையுறையைக் கழற்று என்று காட்டினாள். வழுக்குமாம்.

வைத்தேன். என் கட்டைவிரல் அந்த இடத்தை நிறைத்து
வெளியேயும் வழிந்தது.
சொரசொரப்பு. ஓட்டின் முதுகு. அது எனக்குத் தெரியும்.

அட்டை புதுப்பிக்கும் மையத்தில்
மறுபடி வைங்க, துடைச்சு வைங்க, அழுத்தி வைங்க,
கவுண்டர்ப் பெண் தன் கிரீமைக்கூடத் தந்தாள்.
ஏழாவது தடவை தட்டச்சினாள்: ரேகை கிடைக்கவில்லை.
சாந்துச் சுண்ணாம்பு தின்றுவிட்டது.
இங்கே இவள் விரலுக்கும் ரேகை இல்லை.
தொட்ட இடம் மட்டும் இருக்கிறது.

இழப்பை அடித்துவிட்டு
விரல், மூன்று என்று எழுதினேன்.
இது எந்தக் கட்டத்தில் வரும் என்றாள் ரொவேனா.
ஓரத்தில் வரட்டும் என்றேன்.

காட்சிக்கு இன்னும் பதினைந்து நாள்.
கிண்ணத்தை உள்ளே வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து
நாடாவைக் கட்டினேன்.
நாலாவது தடவை வந்தது.