பகுதி எண்

உள்துறைமுக வீதியில், பாமசிக்கு மேல்மாடியில்,
மணித்தியாலத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு
அடுத்தவர் எதிர்காலத்துக்குப் புள்ளி போடுகிறேன்.
பரீட்சையில் எவ்வளவு, பட்டத்தில் எந்த வகுப்பு,
எத்தனை வருடம், எந்தக் கம்பனி,
சிபாரிசுக் கடிதத்தில் ஒப்பமிடுபவர் எவ்வளவு பெரியவர்.
கூட்டிக் கழித்து ஒரு வீதம் சொல்வேன்.
யாராவது அழுதால்
மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடுவேன்.

இஃப்ரத் கிண்ணியாவிலிருந்து வந்தாள்.
மடியில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் ஃபைல்.
கொட்பே துறைமுகத்து ஐஸ் ஃபெக்டரியில் கணக்காளர், நான்கு வருடம்.
ஜீமெட் அறுநூற்றெண்பது.
தொலைக்கல்விப் பட்டம், இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு.
லண்டன் ஒன்று, பாரிசுக்குப் பக்கத்தில் ஒன்று, சிங்கப்பூர் ஒன்று:
கல்லூரிகளை நீலப் பேனாவாலும்
புலமைப்பரிசில்களைச் சிவப்பாலும் எழுதியிருந்தாள்.
"சிவப்பு கிடைக்காட்டி
நீலம் எல்லாம் வெறும் ஊர்ப்பேர், மிஸ்."

தலைமைத்துவம் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
"ஒன்றுமே இல்லையா?"
"நான் கணக்குத்தானே பாக்கிறன்."

டீசல் இல்லாத அந்த ஜூலையைப் பற்றிக் கேட்டேன்,
சும்மா, கட்டத்தை நிரப்பத்தான்.

"ஜெனரேட்டர் நிண்டுட்டு.
வெளியே நாப்பது போட், உள்ளே பதினெட்டுக்குத்தான் ஐஸ்.
முதலாளி ஃபோனை நிப்பாட்டிட்டார்.
கடலுக்குப் போய்க் கனநாளானவனுக்கு முதல் எண்டு
பேரேட்டைப் பாத்துப் பேர் எழுதினன்.
ஒருத்தன் வந்து மேசையைப் புரட்டினான்.
பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நிண்டு
மிச்சப் பேரையும் வாசிச்சன்."

"பிறகு?"

"பிறகு அவன்ட பேரும் வந்திச்சு.
பதினேழாவது."

கோட்டை அழிக்க வேண்டாம்,
அதற்கு மேலேயே இதை எழுது என்றேன்.

முதலாளியின் கடிதம் இரண்டே வரி.
'நாலு வருஷக் கணக்கில் ஒரு சதம் பிழைக்கவில்லை.
இந்தப் பிள்ளையை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.'
உப்புக் காற்றில் முத்திரை கொஞ்சம் கரைந்திருந்தது.
வங்கித் தலைவர்கள், பேராசிரியர்கள்,
ஒரு முன்னாள் தூதுவர்கூட எழுதிய கடிதங்களைப் படித்திருக்கிறேன்.
ஒருவருக்கும்
அனுப்ப விருப்பமில்லாமல் இருந்ததில்லை.

இருந்தும் பழக்கம் விடவில்லை.
"கல்லூரிக்கு இருபது வீதம். பரிசிலுக்கு ஆறு."

அவள் அழவில்லை. பேனாவைத் திறந்தாள்.
"எத்தனை பேரில ஆறு, மிஸ்?"

கணக்குப் பார்க்கிறவள் கேட்கும் கேள்வி.
என் கொப்பியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்:
கொழும்பு, கொழும்பு, யாழ்ப்பாணம், கொழும்பு,
மட்டக்களப்பு இரண்டு.
கிண்ணியா இல்லை. ஐஸ் இல்லை.
மேசை புரட்டப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.
மேலே ஆறு என்று எழுதிவிட்டேன்,
கீழே எழுத ஆளில்லை.

எனக்கும் ஒருவர் சொன்னார், இருபத்தாறு வயதில்,
கொழும்பில், குளிரூட்டிய அறையில்: நான்கு வீதம்.
நான் விண்ணப்பிக்கவில்லை.
அதனால் அவர் கணிப்பு இன்றுவரை பிழைக்கவில்லை.

சன்னலுக்குக் கீழே ஒரு புள்ளிமான்
பாமசிக்காரர் எறிந்த அட்டைப்பெட்டியை
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தது.
அது விலகவில்லை. வண்டிதான் விலகியது.

இஃப்ரத் பற்றுச்சீட்டு கேட்டாள்.
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதி,
வீதத்தை விட்டுவிட்டு
முடிவுத் திகதியை எழுதிக் கொடுத்தேன்:
இன்னும் பத்தொன்பது நாள்.
லண்டனில் நள்ளிரவு,
நமக்கு விடிய ஐந்தரை.

"பிரச்சினை இல்ல," என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.
"அது போட் வாற நேரம்.
நான் முழிப்பாத்தான் இருப்பன்."