வெள்ளிப் புள்ளி

ஒரு ராத்திரிக்குப் பதினெட்டாயிரம்.
ஆறு பேர், ஆளுக்கு மூவாயிரம்,
ஜைபுன்னிசா எடுத்த சீட்டுப் பணத்தில்
கழித்துக்கொள்ளலாம் என்று பேச்சு.
ஆம்பூரில் அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி.
குளித்த பிறகும் கையில் பசை வாசம்.

பொன்னேரி தாண்டி வேன் ஏறியது.
பதினாலு கொண்டை ஊசி வளைவு.
ஏழாவதில் பியூலா வாந்தி எடுத்தாள்.
எட்டாவதில் காது அடைத்தது.
அப்புறம் யாரும் எண்ணவில்லை,
சன்னலில் வந்த காற்று
யாரோ ஈரத்துணி உதறினாற்போல் இருந்ததால்.

ஏலகிரியில் அந்த வீட்டுக்கு
வாயில் நுழையாத வெளிநாட்டு மலையின் பெயர்.
பனி சறுக்கி விழ வேண்டுமென்று
செங்குத்தாய்க் கூரை போட்டிருக்கிறார்கள்.
இதுவரை அதில் சறுக்கியது
பலாச்சருகும் ஒரு குரங்குக் குட்டியும்தான்
என்றார் வேடியப்பன்.
சாவி அவரிடம்தான். செருப்பில்லாத கால்.

சுவரில் கண்ணாடி போட்டு விதிகள்:
பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.
கருவாடு கூடாது.
காலணிகளை வெளியே விடவும்.
விட்டோம்.
ஆறு ஜோடி ரப்பர் செருப்பு, வாசலில்,
வேலைக்குக் காத்திருப்பதுபோல் வரிசையாய்.

உள்ளே ஒரு குளிர்காயும் அடுப்பு.
விறகு பிளாஸ்டிக், நெருப்பு கரண்ட்டு.
மேலே படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை,
அதில் கம்பு ஊன்றி வழுக்கிப்போகிற மனிதர்கள்.
பனி என்றால் எங்களுக்கு
மார்கழியில் காதைச் சுற்றிய துண்டு.
இவர்களோ அதன்மேல் விழுந்து எழுந்து
சிரிக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே, அலமாரித் தட்டில்,
விதிக்குக் கட்டுப்படாத ஒரு ஜோடி பூட்ஸ்.
பழுப்பு மாட்டுத்தோல், உள்ளே ரோமத் துணி,
நாற்பத்திரண்டாம் நம்பர், ஆண்.

விடுமுறைதான். ஆனால் கைக்குத் தெரியாதே.
புரட்டினேன். நாக்கைத் தூக்கினேன்.
ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
இடது குதிகாலில் ஒன்று விட்டிருந்தது.
விட்ட இடத்துக்குப் பக்கத்தில்
கடுகளவு வெள்ளிப் புள்ளி.

நாலாவது லைன். கடைசி மேசை.
அந்தப் பேனா என் காதில்தான் சொருகியிருக்கும்.

"ஓனரம்மா பஜாரில் ரிஜெக்ட் கடையில் வாங்கினது,
நூத்தம்பது ரூபா," என்றார் வேடியப்பன்.
"வர்றவங்க எல்லாம் அதோடதான் போட்டோ."

நான் வேண்டாமென்று தள்ளியது
எனக்கு முன்னாலேயே மலையேறி,
மூன்று வருஷமாய்
வாடகை இல்லாமல் தங்கியிருக்கிறது.

சொன்னால் கோமளா விடமாட்டாள்,
மலைக்கு வந்தும் உனக்குக் கம்பெனியா என்பாள்.
சொல்லவில்லை.
மொட்டை மாடியில் பிரியாணி டபராவைத் திறந்தோம்,
கத்தரிக்காய் தொக்கு ஒழுகி
வெள்ளை மெத்தை நாற்காலியில் ஒரு சொட்டு.
ஆறு பேரும் எச்சில் தொட்டுத் தேய்த்தோம்.
கீழே ஜோலார்பேட்டையில் ரயில் விளக்குகள்
ஒன்றையொன்று கேட்டுக் கேட்டுப் போயின.

ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு
காலை உள்ளே விட்டேன்.
தினம் நானூறு ஜோடி என் விரல் வழியாய்ப் போகும்,
ஒன்றிலும் கால் போனதில்லை.
இவ்வளவு மெத்தென்றா இருக்கும்!
வெறும் டைல்ஸ் தரையில் நாலடி நடந்தேன்.
டொக், டொக்.
பத்து மணிக்கு மேல் சத்தம்.
படத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
குதிகாலில் மட்டும்,
அந்தத் தையல் விட்ட இடத்தில்,
லேசாய்க் காற்று ஏறியது.

அப்போது ரிஜெக்ட் செய்தது சரிதான்.
இருந்தாலும் கழற்ற மனசில்லாமல்
கொஞ்சநேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வேடியப்பன் ஸ்பூன் எண்ணினார்.
பதினொன்றுக்குக் கிளம்பினோம்.
நாற்காலிக் கறைக்கு ஐந்நூறு பிடித்தார்கள்.
இறங்குகையில் பியூலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை,
எனக்குத்தான் குமட்டியது.

வாணியம்பாடியில் வெயில் முகத்தில் அறைந்தபோது
போனில் கேட்டார்கள்,
தங்கியது எப்படி, எத்தனை நட்சத்திரம் என்று.
கை தானாகக் காதுக்குப் போனது,
பேனாவைத் தேடி.