அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அம்புக்குறி

எங்கள் ஆறு பேருக்கும் ஒரே பிரதி.
அகரத்தில் பழைய புத்தகக் கடையில்
நூற்றைம்பது சொன்னதை எண்பதுக்கு முடித்தது.
இன்ஸ்பெக்டர் ஹால்வெக் வரிசையில் ஏழாவது.
முந்தைய ஆறையும் எங்களில் யாரும் படித்ததில்லை.
அதனால்
அவர் மனைவி ஏன் போனாள்,
இடது கை ஏன் நடுங்குகிறது,
படகுக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம்
ஏன் காரை விரட்டுகிறார் என்பதையெல்லாம்
நாங்களே பேசி முடிவு செய்துகொண்டோம்.

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
செம்பியத்தில், தண்ணீர் தெளித்தும் ஆறாத மொட்டைமாடி.
கதை நடப்பதோ
சூரியன் எட்டியும் பார்க்காத டிசம்பரில்.

துளசிங்கம் காசிமேடு ஐஸ் பிளான்ட்டில் ஃபிட்டர்.
"பனி பனின்னு எழுதியிருக்கான், எந்தப் பனி?
மார்கழியில தலையில இறங்குதே, அதுவா?
நான் கட்டையால அடிச்சு உடைக்கிறேனே, அதுவா?
கையில ஒரே வார்த்தை.
மொழிபெயர்த்தவன் பாவம், என்ன பண்ணுவான்."
பிறகு, கொஞ்சம் பொறுத்து:
"ஆனா அந்த ஏரி விரிசல் விடுற சத்தம் இருக்கே,
அது கேட்டவன் எழுதினது."

ஜெசிந்தாவுக்குப் பிணவறையில் ரெக்கார்டு கிளார்க் வேலை.
திங்கள் காலை உடல், திங்கள் மாலை ரிப்போர்ட்.
அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.
"மாயாஜாலக் கதைன்னு அட்டையில போட்டிருக்கணும்."

இத்ரீஸ், ஆட்டோ ஃபைனான்ஸ் வசூல்.
ஹால்வெக் வீடு வீடாகக் கதவு தட்டும்
அந்த நடு நூறு பக்கம்தான் அவனுக்குப் புத்தகம்.
"தாழ்ப்பாளைத் தொறக்குற சத்தத்துலயே தெரியும் சார்,
உள்ள இருக்கறவன் பொய் சொல்லப்போறான்னு."

ஹேமாவதி காப்பியை எண்ணியிருந்தாள்.
பென்சில் டிக், ஓரமாக, நாற்பத்தொன்று.
"முந்நூத்தி நாப்பது பக்கத்துல
ஒருத்தராவது உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாங்களா?
எட்டாவது புத்தகத்துல இந்தாளுக்கு அல்சர்."

கஜபதி தொண்ணூறாம் பக்கத்தோடு நிறுத்தியவர்.
கருத்து அவரிடம்தான் அதிகம்.

கடைசியாக என்னிடம் வந்தது.
ஐ.சி.எஃப். இரவு ஷிஃப்டில், வெல்டிங் ஓயும் நேரங்களில்
கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன்.
அறுபத்தொன்றில் இருந்தது, பச்சை மையில்.
தேவாலய ஆர்கனைப் பழுதுபார்க்கும் ஓலேயின் பெயருக்கு நேராக
ஓர் அம்புக்குறி. பக்கத்தில்: இவன்தான்.

யாரென்று தெரியாத பாவியைத் திட்டித் தீர்த்தேன்.
அப்புறம் ஓலேயை விடவில்லை.
விதவைக்கு அவன் சூப் கொண்டுபோனால் அதில் என்ன கலந்தான்?
குழந்தைக்கு மிட்டாய் நீட்டினால் எதற்கு?
கொலை நடந்த இரவில் வீட்டில் தனியாக இருந்தானாம்,
தனியாக இருக்கிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.
ஹால்வெக் ஒருமுறைகூட அவனைச் சந்தேகிக்கவில்லை.
எனக்கு ஹால்வெக்கின் மேல் கோபம் வந்தது.

கடைசியில் ஓலே இல்லை.
கொன்றவன் வேறு, காரணம் வேறு, பணம் சம்பந்தப்பட்டது.
முந்நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், அரை வரியில்,
ஓலே கருவிப்பெட்டியோடு படகேறிப் போகிறான்.
வழியனுப்ப ஆளில்லை.

அம்பு போட்டது யார் என்று கேட்டேன்.
பென்சில் ஹேமாவதியுடையது.
இத்ரீஸின் ரசீதுப் பேனா நீலம்.
எங்களுக்கு முன்னே யாரோ, கடைக்கு வருவதற்கும் முன்னே.
"எனக்கும் அவன்மேலதான் சந்தேகம்" என்றார் துளசிங்கம்.
ஜெசிந்தா தலையாட்டினாள். இத்ரீஸ் மாடிச்சுவரைப் பார்த்தான்.
ஐந்து பேர், ஒரு மாதம்,
ஒரு ஆர்கன் மெக்கானிக்கைத் துரத்தியிருக்கிறோம்.

"ஆரம்பத்துலயே நான் சொல்லல?" என்றார் கஜபதி.
"பார்த்த உடனே தெரிஞ்சுது, அந்த ஆர்கன்காரன்தான்."
இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

புத்தகத்தை அகரத்திலேயே திருப்பிக் கொடுத்தேன்.
முப்பது ரூபாய் என்றான், சரி என்றேன்.
அம்பை அழிக்கவில்லை.
அழித்தால் அடுத்தவருக்கு என்ன மிச்சம்?
முந்நூற்று முப்பத்தெட்டில் மட்டும்
அந்த அரை வரிக்குக் கீழே, ஹேமாவதியின் பென்சிலால்,
சின்னதாக எழுதிவைத்தேன்:
மன்னிச்சிடுப்பா.