பூஜ்யம் போட்ட வரி

சாலை வரி என்ற வரிக்கு எதிரே
ஒரு பூஜ்யம்.
விலைப்பட்டியலை மூன்று தடவை பார்த்தேன்.
செக்காலை ரோட்டுக் கடைகளுக்கு
இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள்;
பூஜ்யத்தை நம்பிப் பழக்கமில்லை.

"கவர்மெண்டே விட்டுக்கொடுத்தது, மேடம்"
என்றான் ஷோரூம் பையன் ஜெரால்டு.
ஜிஎஸ்டியும் ஐந்தே சதவீதம்.
பக்கத்தில் நின்ற பெட்ரோல் காருக்கு
அதைப்போலப் பல மடங்கு.
அது கூச்சமில்லாமல் பளபளத்தது.

அரசாங்கம் சும்மா விட்டுக்கொடுக்காது.
ஒரு கையால் தள்ளும், மறு கையால் இழுக்கும்;
நடுவில் போகிறவள்
தானாக நடப்பதாக நினைத்துக்கொள்வாள்.

பதினோரு வருஷத்துப் பெட்ரோல் பில்கள்
என்னிடம் கோப்பில் இருக்கின்றன.
லிட்டர் உண்டு, விலை உண்டு,
வரிக்கென்று ஒரு வரி கிடையாது.
ஒரு ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.
விடியும்போது
கார் வாங்குவதாக இருந்தது.

தை மாதம் கோயிலிலிருந்து புள்ளி வரிச் சீட்டு.
சாத்தப்பன் இருந்தவரை நாங்கள் ஒரு புள்ளி.
இப்போது என் பெயருக்கு எதிரே அரை.
பாதி கட்டினால் போதும்.
சலுகைதான்.
எந்தச் சலுகையும் எதையோ செய்யச் சொல்லும்,
இருபது வருஷம் இதைத்தான் படித்திருக்கிறேன்.
இது என்னை என்ன செய்யச் சொல்கிறது?

முழுப்புள்ளிக்கு அனுப்பினேன்.
மீதியைத் திருப்பிவிட்டார் காரியக்காரர்;
விதியில் இடமில்லையாம்.

கோட்டையூர் வீட்டுக்குக் கார் வந்தது.
பச்சைத் தகட்டில் வெள்ளை எண்.
ஆர்சியில், உரிமையாளர்: உமையாள்.
எத்தனையாவது: ஒன்று.
சார்ஜ் போடலாம் என்று எழுந்த காலை
மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை கரண்ட் இல்லை.
ஜெரால்டு சொல்லாமல் விட்ட வரி.
சத்தமே இல்லாத வண்டிக்கு
தெருநாய் எழுந்திருக்கவில்லை,
இறங்கிப்போய் எழுப்பினேன்.

பழைய பங்கைக் கடக்கும்போது
காற்றடிக்கும் பையன் கை காட்டுகிறான்.
காற்றுக்கு மட்டும் அவனிடம் நிற்கிறேன்.

எல்லோரும் மாறிவிட்டால்
பெட்ரோலில் வராத காசு
வேறெங்காவது வந்தாக வேண்டும்.
யூனிட்டுக்கு இவ்வளவு என்பார்கள்,
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பார்கள்.
கார்க் கணக்குக்குப் புது நோட்டு போட்டபோது
சாலை வரி, பூஜ்யம் என்று எழுதி
அடியில் ஒரு வரி
காலியாக விட்டிருக்கிறேன்.